ஜெயிலுக்குப் போனால் குழந்தை பிழைக்கும்!

1899-ம் வருடம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். கப்பல்கள் வந்து போகும் பெரிய துறைமுகம். துறைமுகம் என்றால் சாராயக் கடைகளுக்குக் கேட்கவா வேண்டும்? குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடப்பவர்களையும், கலாட்டா செய்பவர்களையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போய் ஜெயிலில் போடும். ஆண்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களும்தான்!

அந்தச் சிறையில் டாக்டராக இருந்தவர் பெயர் வில்லியம் சல்லிவன். கைதிகளின் உடம்பைப் பார்த்து மருந்து கொடுப்பதுதான் அவர் வேலை. ஆனால், மனிதர் அதோடு நிற்கவில்லை. குடிக்கு அடிமையான பெண் கைதிகளிடம் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ‘உனக்கு எத்தனை குழந்தை பிறந்தது? அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது?’

கேட்கக் கேட்க அவருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அப்படி 120 பெண்கள். அவர்கள் பெற்றது மொத்தம் 600 குழந்தைகள். அதில் 335 குழந்தைகள் இறந்தே பிறந்தன, அல்லது இரண்டு வயதுக்குள் இறந்துபோயின. அதாவது, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 56!

‘இதில் என்ன சார் அதிசயம்? அந்தக் காலத்தில் ஏழைகள் வீட்டில் குழந்தைகள் சாவது சகஜம்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சல்லிவனுக்கும் இதே சந்தேகம் வந்தது. அதனால் அடுத்து ஒரு காரியம் செய்தார். குடிகாரப் பெண்களில் 21 பேருக்கு, குடிக்காத ரத்த உறவுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய கணவர்களும் குடிக்காதவர்கள். அப்படிப்பட்ட 28 பேரின் கணக்கையும் எடுத்தார். ஒரே குடும்பம், ஒரே ரத்தம். குடிக்காதவர்களின் குழந்தைகளில் இறந்தது நூற்றுக்கு 24. குடித்தவர்களின் குழந்தைகளில் இறந்தது நூற்றுக்கு 55. இரண்டு மடங்குக்கும் மேல்!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தைகளை வரிசையாகப் பறிகொடுத்த சில பெண்கள், ஏதோ ஒரு தடவை கர்ப்பமாக இருக்கும்போது போலீஸில் மாட்டி ஜெயிலுக்கு வந்துவிடுவார்கள். ஜெயிலில் சாராயம் ஏது? வேறு வழியில்லாமல் குடிக்காமல் இருப்பார்கள். அந்தப் பிரசவத்தில் மட்டும் பிறந்த குழந்தை நன்றாக இருந்தது! அதே தாய்... அதே வயிறு... மாறியது ஒன்றே ஒன்றுதான்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சல்லிவன் இத்தனையையும் எழுதி மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். விஷயம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால், மருத்துவ உலகம் இந்த நோய்க்கு ஒரு பெயர் வைக்கவே இன்னும் 74 வருடங்கள் ஆயின. ஏன்? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

சல்லிவனுக்கும் முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போய்விட்டு வருவோம். 18-ம் நூற்றாண்டின் லண்டன். அங்கே அப்போது ‘ஜின்’ என்ற சரக்கு வெள்ளமாக ஓடியது. பிரான்ஸிலிருந்து வரும் பிராந்திக்குத் தடை, வரி என்று போட்டு, உள்ளூரில் யார் வேண்டுமானாலும் ஜின் காய்ச்சலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டிருந்தது. தானியம் நல்ல விலைக்குப் போனதில் நிலச்சுவான்தார்களுக்கு ஏக குஷி. ஏழை ஜனங்களுக்கோ சல்லிக்காசில் போதை. ஆணும் பெண்ணும் குடித்தார்கள்.

1726-ல் லண்டன் மருத்துவர் சங்கம் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தது. இந்தச் சாராயம் குடிக்கிறவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் பலவீனமாக, நோஞ்சானாகப் பிறக்கின்றன என்பதும் அதில் ஒரு முக்கியமான புகார். 1726 என்பதைக் கவனியுங்கள். சல்லிவனுக்கே 173 வருடம் முந்தைய சமாசாரம்!

1751-ல் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் ‘ஜின் சந்து’ என்று ஒரு படம் போட்டார். படிக்கட்டில் ஒரு பெண் போதையில் மல்லாந்து கிடக்கிறாள். அவள் கையிலிருந்த குழந்தை நழுவித் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இதற்கு ஜோடியாக இன்னொரு படமும் போட்டார் ஹோகார்த். ‘பீர் தெரு’! அதில் எல்லோரும் கொழுகொழுவென்று, சிரித்த முகத்தோடு பீர் குடிக்கிறார்கள். ஜின் குடித்தால் நாசம், பீர் குடித்தால் ஆரோக்கியம் என்பது அவர் கட்சி. ‘பீர்தானே, அதில் ஒன்றும் இல்லை’ என்று இன்றைக்கும் நம்மூரில் சொல்கிறார்களே, அதற்கு வயது 270-க்கு மேல்!

சரி, இத்தனை பேர் கண்ணால் பார்த்துச் சொன்ன விஷயத்தை விஞ்ஞானம் ஏன் நம்பவில்லை?

முதல் காரணம், சொன்னவர்கள் யார் என்பது. 19-ம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கம் பெரிதாகக் கிளம்பியது. நல்ல நோக்கம்தான். ஆனால், மேடையில் ஏறினால் கொஞ்சம் அதிகமாகவே பேசினார்கள். திருட்டு, பைத்தியம், கொலை என்று உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் குடிதான் காரணம் என்றார்கள். குடிக்கிற பெண்ணைப் பாவி என்றார்கள். இதைக் கேட்டுக் கேட்டு விஞ்ஞானிகளுக்கு அலுத்துவிட்டது. ‘இது மருத்துவம் இல்லையப்பா, உபதேசம்’ என்று தள்ளிவைத்துவிட்டார்கள்.

1910-ல் லண்டனில் புள்ளிவிவரக் கலையின் ஜாம்பவான் கார்ல் பியர்சன், எதெல் எல்டர்டன் என்ற பெண்மணியோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். பெற்றோரின் குடிக்கும் குழந்தைகளின் அறிவு, உடல் வளர்ச்சிக்கும் பெரிய சம்பந்தம் எதுவும் தெரியவில்லை என்றது அந்த ஆய்வு! ஊரே ரெண்டுபட்டது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பொருளாதார மேதை கீன்ஸ், அப்போது இளைஞர். ‘கணக்கு சரியில்லை’ என்று அவர் பியர்சனோடு மல்லுக்கு நின்றார். என்ன நின்று என்ன? சந்தேகம் சந்தேகமாகவே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் 1920-ல் மதுவிலக்கு வந்தது. 1933-ல் போயேபோய்விட்டது. அதன்பிறகு மதுவைப் பற்றிக் கெடுதலாகப் பேசினாலே, ‘ஓகோ, நீங்கள் அந்தப் பழைய ஆளா?’ என்கிற மாதிரி ஒரு சூழ்நிலை. 1942-ல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாகார்டு, ஜெல்லினெக் என்ற இரண்டு நிபுணர்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். மது நேரடியாகக் குழந்தையைக் கெடுக்கிறது என்பதற்கு ஏற்றுக்கொள்ளத்தக்க ஆதாரம் இல்லை, அந்தக் குழந்தைகள் கெட்டுப்போவதற்குச் சத்துக்குறைவும் மோசமான குடும்பச் சூழலும்தான் காரணம் என்றார்கள். பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன? லிவர்பூல் டாக்டரை எல்லோரும் மறந்தே போனார்கள்.

இரண்டாவது காரணம், ஒரு மூடநம்பிக்கை. படிக்காதவர்களின் மூடநம்பிக்கை இல்லை, படித்தவர்களுடையது! தாய்க்கும் சிசுவுக்கும் நடுவில் இருக்கும் நஞ்சுக்கொடி ஒரு கோட்டைச் சுவர் மாதிரி, கெட்டது எதையும் உள்ளே விடாது என்று பல டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். கர்ப்பிணிகளின் மசக்கைக்குக் கொடுத்த தாலிடோமைடு என்ற மாத்திரையால் கையில்லாமல், காலில்லாமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தன. 1961-ல் அந்த உண்மை வெளியே வந்தபோதுதான் சுவர் இடிந்தது.

இதைவிடக் கொடுமை ஒன்று சொல்கிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 1960-களில் நியூயார்க்கில் ஃப்ரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற மகப்பேறு நிபுணர், குறைப்பிரசவ வலியை நிறுத்த ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பிரசவ வலியைத் தூண்டும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கும் என்பது அவருடைய கணக்கு. ஆகவே, கர்ப்பிணியின் கையில் ஊசி குத்தி, குளுக்கோஸ் ஏற்றுவதுபோல ஆல்கஹாலை டிரிப்பில் ஏற்றினார்கள்! பிரசவ வார்டிலேயே பெண்கள் போதையில் உளறினார்கள், வாந்தி எடுத்தார்கள். 1970-களிலும் இது நடந்தது. அந்த டாக்டர் கெட்டவர் இல்லை, குழந்தையைக் காப்பாற்றத்தான் நினைத்தார். லிவர்பூல் கணக்கு மட்டும் எல்லோர் நினைவிலும் இருந்திருந்தால் அந்த டிரிப்பை யாராவது ஏற்றியிருப்பார்களா?

இதே காலகட்டத்தில் பிரான்ஸின் நாந்த் நகரத்தில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர் ஒரு விநோதத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவரிடம் வரும் சில குழந்தைகள் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. ஆனால், கூடப்பிறந்தவர்கள்போல ஒரே ஜாடை! முகத்தைப் பார்த்தே ‘இந்தக் குழந்தையின் தாய் குடிப்பவர்’ என்று சொல்லிவிட முடிந்தது. குடிகாரப் பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி 1968-ல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். ஆனால், எழுதியது பிரெஞ்சு மொழியில், உள்ளூர் மருத்துவப் பத்திரிகையில். வெளியே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் சியாட்டில் நகரம். கிறிஸ்டி உல்லேலேண்ட் என்ற இளம் பெண் மருத்துவர், குழந்தைகள் வார்டில் பயிற்சியில் இருந்தார். சில குழந்தைகள் எவ்வளவு பால் கொடுத்தாலும் எடை கூடாமல் வதங்கிக் கிடந்தன. பொதுவாக டாக்டர்கள் குழந்தையின் கேஸ் ஷீட்டைத்தான் பார்ப்பார்கள். உல்லேலேண்ட் என்ன செய்தார் தெரியுமா? தாயின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். தாய்க்குக் குடிப்பழக்கம். அடுத்த குழந்தை... அதன் தாய்க்கும் குடி!

பிறவிக் குறைபாடுகளைக் கண்டுபிடிப்பதில் கில்லாடிகளான டேவிட் ஸ்மித்தும் கென்னத் ஜோன்ஸும் அதே பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இப்படிப்பட்ட எட்டுக் குழந்தைகள் கொண்டுவரப்பட்டன. அதில் நான்கு குழந்தைகளுக்கு ஒரே அச்சில் வார்த்த மாதிரி முகம். சின்னத் தலை, இடுங்கிய கண்கள், மெல்லிய மேலுதடு. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் நம் எல்லோருக்கும் ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா? அந்த இடம் இந்தக் குழந்தைகளுக்கு வழவழவென்று சமமாக இருந்தது. பிறகு இன்னும் சில குழந்தைகள் கிடைத்தன. 1973 ஜூன் மாதம் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. எட்டுக் குழந்தைகள், மூன்று வெவ்வேறு இனங்கள், ஒருவருக்கொருவர் உறவில்லை. பொதுவாக இருந்தது தாயின் குடிப்பழக்கம்தான். அதே வருடம் அந்தக் குறைபாட்டுக்குப் பெயரும் வைத்தார்கள். ‘ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்.’

உள்ளே நடப்பது இதுதான். தாய் குடித்தது தாயின் ரத்தத்தில் கலக்கிறது, நஞ்சுக்கொடியைத் தாண்டி சிசுவின் ரத்தத்துக்கும் போகிறது. கிட்டத்தட்ட அதே அளவில்! தாய்க்கு அதை முறித்து வெளியேற்றக் கல்லீரல் இருக்கிறது. சிசுவின் கல்லீரலோ இன்னும் வேலை கற்றுக்கொள்ளாத கல்லீரல். போதாததற்குப் பனிக்குட நீரிலும் ஆல்கஹால் தேங்கி நிற்கும். மூளை என்பது ஏதோ ஒரு மாசத்தில் உருவாகி முடிந்துவிடும் உறுப்பும் இல்லை. கரு உண்டான முதல் வாரங்களில் ஆரம்பித்துப் பிரசவம் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே, ‘மூணு மாசம் தாண்டிட்டா பரவாயில்லை’ என்று சொல்வதற்கு இடமே கிடையாது.

அந்த முகஜாடை இருந்தால்தான் பாதிப்பு என்றும் அர்த்தமில்லை. லட்சணமாக இருக்கும் குழந்தை பள்ளிக்கூடத்தில் கணக்கு வராமல் திணறும். நேற்று சொல்லிக்கொடுத்தது இன்று மறந்துபோகும். செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தெரியாமல் வம்பில் மாட்டும். வாத்தியார் ‘சோம்பேறி’ என்பார், ஊர் ‘தறுதலை’ என்னும். லெமுவான் விடாக்கண்டர். தான் பார்த்த குழந்தைகளில் 105 பேரை, அவர்கள் பெரியவர்களான பிறகு தேடிப்பிடித்துப் பார்த்து 1992-ல் எழுதினார். முகஜாடை வயதோடு மாறியிருந்தது. மனசிலும் மூளையிலும் இருந்த பாதிப்பு மாறவில்லை.

1981-ல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி, கர்ப்பிணிகள் குடிக்கவே வேண்டாம் என்று அறிவித்தார். 1989 நவம்பர் முதல் அந்த நாட்டு மது பாட்டில்கள் எல்லாவற்றிலும் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை ஏறியது. பிரான்ஸில் 2007 முதல் கர்ப்பிணிப் பெண் படம் போட்டு எச்சரிக்கிறார்கள். ‘வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை கொஞ்சமாகக் குடித்தால் பாதகமில்லை’ என்ற தோரணையில் பேசிவந்த பிரிட்டன்கூட 2016-ல் ‘ஒரு சொட்டும் வேண்டாம்’ என்று வழிக்கு வந்தது.

எச்சரிக்கை வந்ததும் இன்னொரு வேடிக்கையும் ஆரம்பித்தது. கைநீட்டிக் குற்றம் சொல்வது! 1991-ல் சியாட்டில் பக்கத்தில் ஓர் உணவு விடுதி. நிறைமாத கர்ப்பிணி ஒருவர் மது கலந்த பானம் கேட்டார். சர்வர்கள் இரண்டு பேர் தடுத்தார்கள். கேட்காததால் ஒரு பீர் பாட்டிலின் எச்சரிக்கை லேபிளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தார்கள். அந்தப் பெண் முதலாளியிடம் புகார் செய்ய, இரண்டு பேருக்கும் வேலை போனது. அதற்கு முந்தைய வருடம் வயோமிங் மாநிலத்தில், கணவனிடம் அடிபட்ட ஒரு கர்ப்பிணி உதவி கேட்டுப் போனார். குடித்திருந்தார் என்று தெரிந்ததும் குழந்தையைக் கொடுமைப்படுத்திய குற்றம் சாட்டி அவரையே கைது செய்தார்கள்! வழக்கு நிற்கவில்லை. ஆனால், அந்தச் செய்தியைப் படித்த எத்தனை பெண்கள் அதன்பிறகு டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருப்பார்கள்?

குடிக்கும் பெண்ணை ஏசுவது சுலபம். அந்தக் கிளாஸில் ஊற்றிக்கொடுத்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதி, திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. அங்கே தோட்டத் தொழிலாளிகளின் கூலியில் ஒரு பங்கைப் பல தலைமுறைகளாக மட்ட ரக ஒயினாகவே கொடுத்தார்கள். ‘டாப் முறை’ என்று இதற்குப் பெயர். 1960-களில் சட்டம் இதைத் தடை செய்தது. தடையை மீறியும் 1990-கள் வரை ஆங்காங்கே தொடர்ந்தது. 1997-ல் அங்கே ஓர் ஊரில் முதல் வகுப்புக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கு 40 பேருக்கு மேல் இந்தப் பாதிப்பு! அதுவரை உலகத்தில் எங்கும் பதிவாகாத அளவு. தோட்ட முதலாளிகள் மிச்சம் பிடித்த கூலிக்கு, அந்தக் குழந்தைகள் ஆயுள் முழுக்க வட்டி கட்டுகிறார்கள்.

உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 1,19,000 குழந்தைகள் இந்த நோயோடு பிறக்கின்றன என்பது 2017-ல் வெளியான ஒரு மதிப்பீடு. இது முழு அடையாளங்களும் உள்ள குழந்தைகள் கணக்கு மட்டும்தான்.

‘நம்ம வீட்டுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?’ என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். சில விஷயங்களைக் காதில் போட்டுவையுங்கள். நம்மூர் பாட்டில்களில் குடி உடலுக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று எழுதச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லவில்லை. ஆகவே, நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். 650 மில்லி பீர் பாட்டில், 5 சதவிகித ரகமாக இருந்தாலே, அதற்குள் இருக்கும் ஆல்கஹால் ஒரு ‘லார்ஜ்’ விஸ்கியில் இருப்பதைவிட அதிகம். கள், ஒயின் எல்லாமே ஒரே ஜாதிதான். அரிஷ்டம் என்று முடியும் மருந்துகளில் நொதித்து உண்டான ஆல்கஹால் இருக்கும், லேபிளைப் பார்த்தாலே தெரியும். முழுகாமல் இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் அதை வாயில் வைக்க வேண்டாம்.

கர்ப்பம் என்று தெரியாமலே குடித்துவிட்ட பெண் இருந்தால்? பயந்து நடுங்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். தினமும் குடித்துப் பழகியவர் என்றால் கட்டாயம் டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். சட்டென்று விட்டால் நடுக்கம், வலிப்பு வரலாம். வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒன்று... ‘கம்பெனி கொடு’ என்று கர்ப்பிணி மனைவியிடம் கிளாஸை நீட்டாதீர்கள். அந்தப் பத்து மாசம் நீங்கள் அவருக்குக் கம்பெனி கொடுங்கள், குடிக்காமல்!

கடைசியாக ஒரு தடவை லிவர்பூல் சிறைக்குப் போய் வருவோம். அந்தப் பெண்களை யாரும் அங்கே அன்பாக நடத்தியிருக்க மாட்டார்கள். சிறைச் சாப்பாட்டில் பெரிய சத்தும் இருந்திருக்காது. இருந்தும் அங்கே வயிற்றில் சுமந்த பிள்ளை பிழைத்தது. இரும்புக் கதவுக்குப் பின்னால் கிடைத்த அந்தச் சில மாதங்களை, வீட்டுக்குள்ளேயே, அன்பாக, ஒரு கர்ப்பிணிக்குக் கொடுக்க நம்மால் முடியாதா என்ன?